ஈகையிலிருந்து ஒப்புரவுக்கு



தாமிரவருணி கடலோடு கலக்கும் பகுதியில், ஆற்றின் வடபுறத்தே கொற்கை என்னும் சிற்றூர் இருக்கிறது. வாழைத் தோட்டங்களும் நெல் வயல்களும் சூழ்ந்த அவ்வூரில், பன்னூறு ஆண்டு பழமையுடையதென மக்கள் போற்றும் வன்னிமரம் ஒன்று குளக்கரையில் நிற்கிறது. ஒரு காலத்தில் இது பாண்டியரின் துறைமுகம். யவன நாட்டார் இவ்வூரின் முத்தை விரும்பி வாங்கினர். பின்னர் ஆறு கொணர்ந்த வண்டல் படிந்து படிந்து கடல் பின்வாங்கிவிட்டது. இன்று கொற்கையில் நின்று நோக்கினால் அலை தெரியாது, பசும்பயிரே தெரியும்.

நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் ஆண்டுதோறும் மாணவர்களை அவ்வூருக்கு அழைத்துச் செல்வது வழக்கம். வன்னிமரத்தின் அடியில் அவர்களை அமர்த்தி, ஒரு செய்தியைத் தவறாமல் சொல்வேன். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் கடற்பயண நூல் கொற்கையின் முத்துக் குளிப்பைக் குறிப்பிடுகிறது. அங்கே மூச்சடக்கிக் கடலில் மூழ்கியவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்று அந்நூல் கூறுகிறது. முத்தின் புகழ் உரோமாபுரி வரை சென்றது. முத்தெடுத்தவனின் பெயரோ கரையிலேயே கரைந்துவிட்டது. "வரலாற்றைப் படிக்கும்போது அரண்மனையை மட்டும் பார்க்காதீர்கள்; நீருக்குள் இருந்தவன் யாரென்றும் கேளுங்கள்" என்று நான் சொல்வதுண்டு.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் அத்தகையதே. நம் தாமிரவருணிச் சமவெளியில், கடந்த இருநூறு ஆண்டுகளில், நாட்டுப்புறப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கிறித்தவத் தொண்டர்கள் ஆற்றிய அறப்பணி எத்தகையது? அதன் சிறப்பு யாது? குறை யாது? அதிலிருந்து நீங்கள் கற்றுக்கொள்ளத்தக்கது யாது? இவற்றை ஆராய்வோம்.

ஆராயுமுன், என் வாழ்வில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறேன். அப்பிழைதான் இப்பொருளைப் பற்றி என்னைச் சிந்திக்க வைத்தது.

நான் ஆசிரியப் பயிற்சி முடித்து, ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றின் பள்ளியில் பணியில் சேர்ந்த புதிது. நல்லுள்ளம் படைத்த செல்வர் ஒருவர் ஏழைப் பிள்ளைகளுக்கெனச் சீருடைத் துணியும் குறிப்பேடுகளும் அனுப்பினார். பட்டியல் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில், பள்ளி முழுவதும் நின்றிருக்க, நான் மேடையேறி, 'ஏழை மாணவர்' என்ற தலைப்பையும் வாசித்து, பெயர்களை ஒவ்வொன்றாக உரத்த குரலில் படித்தேன். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தலை நிமிராமல் வந்து துணியை வாங்கிச் சென்றாள். கணக்கில் முதல் மதிப்பெண் பெறுகிறவள். மறுநாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாளும் வரவில்லை. வீடு தேடிச் சென்றேன். வயலிலிருந்து நடுகை முடித்துச் சேற்றுக் காலோடு வந்த தாய், அந்தத் துணியை மடிப்புக் கலையாமல் என் கையில் கொடுத்தாள்.

"ஏன் சார், எம்பிள்ள பேர ஊருக்கு முன்னால வாசிச்சிய? நாங்க கையேந்தியா வந்தோம்?" என்று கேட்டாள்.

எனக்கு விடை தெரியவில்லை. அச்சிறுமி திரும்பவும் பள்ளிக்கு வரவில்லை. பீடி சுற்றும் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். கொடுத்தவர் நல்லவர், கொடுத்த பொருளும் நல்லது. கொடுத்த முறை ஒரு குழந்தையின் கல்வியைக் கெடுத்துவிட்டது. அன்று தொடங்கி, யார் எவருக்கு எதைக் கொடுத்தார் என்று படித்தாலும், எப்படிக் கொடுத்தார் என்பதைத்தான் நான் முதலில் தேடுகிறேன்.

இக்கண்ணோட்டத்தோடு பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குச் செல்வோம்.

அக்காலத்தில் தென்கோடித் தமிழகத்தில் பெண் எழுத்தறிவது அரிது. உழைக்கும் மக்களின் வீட்டுப் பெண்கள் சிலர் பிறப்பால் அடிமைகளாகவே இருந்தனர். 1819ஆம் ஆண்டின் இறுதியில் நாகர்கோவிலுக்கு வந்த மால்ட் தம்பதியருள் மனைவியாகிய மார்த்தா மால்ட் அம்மையார், சிறுமியர் தங்கிப் படிக்கும் பள்ளியை நடத்தினார். எழுத்தோடு ஒரு தொழிலையும் கற்பித்தார். அதுவே 'லேஸ்' பின்னுதல். வைக்கோலோ துணியோ திணித்த திண்டின்மீது படம் வரைந்த தாளை விரித்து, அதில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றிப் போட்டுப் பின்ன வேண்டும். கண்ணும் கையும் கருத்தும் ஒன்றுபட்டாலன்றி ஒரு விரற்கடை அளவு கூட முன்னேறாது. அவ்வாறு பின்னிய ஆடைக்கரைகள் அயல்நாட்டில் நல்ல விலைக்குப் போயின.

இங்கே நீங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அடிமைக் குடியிற் பிறந்த சிறுமியர் சிலர், தாம் பின்னிய லேஸை விற்ற பணத்தைக் கொண்டே தம் விடுதலையை விலைக்கு வாங்கிக்கொண்டனர். ஆங்கில ஆட்சிப் பகுதியில் அடிமை முறைக்குச் சட்ட ஏற்பு இல்லையெனச் செய்த சட்டம் 1843ஆம் ஆண்டினது. திருவிதாங்கூரில் அடிமை ஒழிப்பு ஆணை பிறந்தது 1855ஆம் ஆண்டில். அவ்வாணை வருமுன்பே, நூலும் ஊசியும் கொண்டு தம் தளையைத் தாமே அறுத்துக்கொண்ட பெண்கள் நம் மண்ணில் இருந்தனர். மார்த்தா அம்மையார் அவர்களுக்குக் கொடுத்தது காசன்று. காசு ஈட்டும் வல்லமை.

அவருடைய மகள் எலைசா. நாகர்கோவிலில் வளர்ந்தவராதலின் தமிழ் அவருக்கு இயல்பாக வந்தது. 1844ஆம் ஆண்டில் இவர் மணந்துகொண்ட அறிஞரை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' எழுதிய இராபர்ட் கால்டுவெல் அவர்களே அவர். கொற்கையில் அகழ்ந்து பார்த்து அதன் பழம்பெருமையை உலகறியச் செய்தவரும் அவரே. கணவர் ஒப்பிலக்கணம் எழுதிய இடையன்குடியில், செம்மணல் தேரிக்கும் பனங்காட்டுக்கும் நடுவில், எலைசா அம்மையார் பெண்கள் பள்ளி நடத்தினார். தாயிடம் கற்ற லேஸ் பின்னலை அவ்வூர்ப் பெண்களுக்குக் கற்பித்தார். பனையேறும் குடும்பங்களுக்குப் பதநீர்க் காலம் சில திங்களே. எஞ்சிய காலத்தில் அடுப்பெரிய வேறு வழி வேண்டும். அவ்வழிகளுள் ஒன்றாக இப்பின்னல் அமைந்தது. கால்டுவெல்லின் நூலைப் பற்றி நூற்றுக்கணக்கான கட்டுரைகள் உள்ளன. எலைசாவின் பள்ளியைப் பற்றியோ சில பக்கங்களே உள்ளன. நீருக்குள் இருந்தவர் யார் என்று கேட்கச் சொன்னேனல்லவா? இதற்காகவே சொன்னேன்.

இனிப் பாளையங்கோட்டைக்கு வருவோம். அந்நகரில் சாராள் தக்கர் என்னும் பெயரால் விளங்கும் பெண்கள் கல்லூரியை அறியாதார் இல்லை. ஆனால் சாராள் தக்கர் அம்மையார் இந்தியாவுக்கு வந்ததே இல்லை என்பதை அறிந்தோர் சிலரே. உடல்நலம் குன்றி இங்கிலாந்தில் வாழ்ந்த அவர், சென்னையில் சமயப் பணியாற்றிய தம் உடன்பிறந்தார் எழுதிய செய்திகளைக் கொண்டு இந்நாட்டுப் பெண்களின் நிலையை அறிந்தார். அவர்களுக்கு ஆசிரியர்கள் வேண்டும் என்று விரும்பினார். அவர் நினைவாக எழுந்த ஆசிரியப் பயிற்சி நிறுவனமே வளர்ந்து, 1895ஆம் ஆண்டில் கல்லூரியாயிற்று. சிற்றூர்ப் பெண்ணொருத்தி பயிற்சி பெற்றுத் திரும்பினால், அவ்வூரில் ஒரு பள்ளி எழும். அப்பள்ளியிலிருந்து பல பெண்கள் கிளம்புவர். ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கின் ஒளி குறைவதில்லை. ஆசிரியனாகிய எனக்கு, அறங்களுள் ஆசிரியரை உருவாக்கும் அறமே தலையாயது என்று தோன்றுகிறது. இதனைத் தற்பெருமை என்று நீங்கள் எண்ணினும் எனக்கு வருத்தமில்லை.

அந்நிறுவனத்தின் நிழலில் மேலும் இரண்டு பணிகள் தோன்றின. ஆஸ்குவித் அம்மையார் 1890ஆம் ஆண்டில் பார்வையற்றோருக்குக் கற்பிக்கத் தொடங்கினார். அதே பத்தாண்டில் புளோரன்ஸ் சுவெயின்சன் அம்மையார் காது கேளாத குழந்தைகளுக்குப் பள்ளி அமைத்தார். 'முன்வினைப் பயன்' என்றும் 'தலையெழுத்து' என்றும் வீட்டு மூலையில் ஒதுக்கப்பட்டிருந்த பிள்ளைகள் எழுத்தும் கைத்தொழிலும் கற்கலாயினர். பாளையங்கோட்டையில் இப்பணிகள் இன்றும் நடைபெறுகின்றன.

இனி, கொற்கைக்கு மிக அண்மையில் நடந்த ஒரு நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

பண்ணைவிளை என்பது நம் பகுதிச் சிற்றூர். 1901ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஒரு மாலைப் பொழுதில், ஏழு வயதுச் சிறுமியொருத்தி அவ்வூர்த் தேவாலயத்தின் அருகே தனியே நின்றாள். கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட வேண்டியவளாக வளர்க்கப்பட்டவள் அவள். முன்னொரு முறை தப்பி ஓடி, தூத்துக்குடியிலிருந்த தாயிடம் இருபது மைலுக்குக் குறையாத தொலைவை நடந்தே சென்று சேர்ந்தாள். தாயோ அஞ்சி அவளை மீண்டும் ஒப்படைத்துவிட்டாள். அதற்குத் தண்டனையாக அக்குழந்தையின் கையில் சூடு போட்டனர். இரண்டாம் முறை தப்பியவளைப் பண்ணைவிளையில் ஒரு மூதாட்டி கண்டு, இரவு தம் வீட்டில் வைத்திருந்து, மறுநாட் காலை அங்குத் தங்கியிருந்த ஏமி கார்மைக்கேல் என்னும் அம்மையாரிடம் அழைத்துச் சென்றார்.

ஏமி கார்மைக்கேல் 1867ஆம் ஆண்டில் அயர்லாந்தில் பிறந்தவர். பெல்பாஸ்டு நகரில் ஆலைத் தொழிலாளப் பெண்களிடையே பணி செய்தவர். 1895ஆம் ஆண்டில் இந்தியா வந்து, அடுத்த ஆண்டின் இறுதியில் நெல்லைச் சீமையை அடைந்தவர். அதுவரை சமயப் பரப்பே அவர் நோக்கம். அச்சிறுமி சொல்லக் கேட்ட செய்திகள் அவர் வாழ்வின் திசையையே மாற்றின. தம் நூலில் அக்குழந்தைக்கு 'முத்துக்கண்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். கொற்கை முத்தைத் தேடி யவனர் வந்தனர். கொற்கைக்கு அண்மையில் இந்த முத்தோ தானே நடந்து வந்தது.

அவ்வாண்டிலேயே ஏமி அம்மையார் மேற்கு மலையடிவாரத்தில் களக்காட்டை அடுத்த டோனாவூருக்கு இடம் மாறினார். அவ்வூரின் பெயரே ஓர் அறத்தின் அடையாளம். இரேனியசு ஐயர் காலத்தில் அங்குத் தேவாலயம் எழப் பொருளுதவிய பிரசிய நாட்டுப் பெருமகன் டோனா என்பவரின் பெயரால் அது வழங்குகிறது. அங்கே எழுந்த இல்லத்தில் 1904ஆம் ஆண்டு முதல் கைக்குழந்தைகளும் வந்து சேர்ந்தனர். 1913ஆம் ஆண்டளவில் பிள்ளைகளின் தொகை நூற்று முப்பது. 1918ஆம் ஆண்டு முதல் சிறுவர்களையும் ஏற்றனர். பின்னர் மருத்துவமனையும் எழுந்தது. 1931ஆம் ஆண்டில் கீழே விழுந்து அடிபட்ட அம்மையார் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் படுக்கையிலேயே இருந்து, 1951ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மறைந்தார். தம் கல்லறைக்குப் பெயர்க்கல் வேண்டாமென்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அவ்விடத்தில் பறவைகள் நீர் அருந்தும் தொட்டியொன்றை வைத்து, தாய் என்று பொருள்படும் ஒரு சொல்லை மட்டும் பொறித்தனர்.

இத்தனை குழந்தைகளையும் அவர் ஒருவரே வளர்த்தாரா? இல்லை. பொன்னம்மாள் என்னும் இளங்கைம்பெண் அவரோடு சேர்ந்து உழைத்தார். நெய்யூர் மருத்துவமனையின் அருகில் சில ஆண்டுகள் நடந்த கைக்குழந்தைகள் இல்லத்தை ஏற்று நடத்தியவர் அவரே. பாலைக் காய்ச்சி, அளந்து, நோயுற்ற குழந்தையை இரவெல்லாம் மடியில் வைத்திருந்து காத்தார். 1915ஆம் ஆண்டில் புற்றுநோயால் மறைந்தார். அவரைப்போல் பெயர் பதிவாகாத தமிழ்ப் பெண்கள் எத்தனையோ பேர். அயலார் அறப்பணி என்று நாம் வழங்குவதில் பெரும்பங்கு நம் பெண்களின் கை உழைப்பே என்பதை மறத்தலாகாது.

நேயர்களே! ஒரு பணியைப் போற்றுவது எளிது. எடை போடுவது கடினம். மாணவர்களாகிய நீங்கள் இரண்டாவதைச் செய்யப் பழக வேண்டும். இப்பணிகளின்மீது அன்றும் இன்றும் எழும் வினாக்களை மறைக்காமல் சொல்கிறேன்.

முதல் வினா: உணவும் கல்வியும் கொடுத்தது மதம் மாற்றுவதற்கு அன்றோ? 1876 முதல் 1878 வரை தென்னகத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில் திருச்சபையார் கஞ்சி ஊற்றினர். அப்பஞ்சத்தின்போதும் அதன் பின்னும் பல்லாயிரம் மக்கள் கிறித்தவத்தைத் தழுவினர். பசி மட்டுமே காரணம் என்போர் உண்டு; தம்மை மனிதராக மதித்த இடத்தை மக்கள் நாடினர் என்போரும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கலாம். பசித்தவனுக்குக் கொடுக்கும் சோற்றுக்கு நிபந்தனை இருத்தலாகாது என்பது என் கருத்து. அதே வேளையில், அடுத்த தெருவில் பசித்திருந்தவனைக் கண்டும் காணாதிருந்தவர்கள் இவ்வினாவை எழுப்பும்போது, 'அப்போது நீர் எங்கிருந்தீர்?' என்ற எதிர்வினாவும் எழும்.

இரண்டாம் வினா: குழந்தையைச் சுற்றத்தாரிடமிருந்து பிரிக்கலாமா? ஏமி அம்மையார்மீது குழந்தைகளைக் கவர்கிறார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது, வழக்குகளும் நடந்தன. காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் புதிய பெயரும் புதிய சமயமும் பெற்று வளர்ந்தனர். பெற்ற தாயின் முகத்தை மறந்தவர் பலர். சூடு பட்ட கையைப் பார்த்தவர் அக்குழந்தையைத் திருப்பி அனுப்பியிருக்க முடியாது. இருப்பினும், பிரிந்த பிள்ளைக்கு ஓர் இழப்பு உண்டென்பதையும் மறுக்க முடியாது.

மூன்றாம் வினா: பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சொல்லும்போது அச்சமூகப் பெண்கள் அனைவரையும் இழித்துக் கூறலாமா? கூடாது. நம் இசையையும் ஆடலையும் தலைமுறை தலைமுறையாகக் காத்துத் தந்தவர்கள் அவர்கள். அவ்வழக்கத்தை ஒழிக்கப் பெரிதும் போராடியவர்களும் அம்மரபோடு தொடர்புடைய பெண்களே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் 1927ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் இதற்கெனத் தீர்மானம் கொணர்ந்தார். 1930ஆம் ஆண்டில், நாதியற்று வந்த சிறுமியருக்காக ஒளவை இல்லத்தைத் தொடங்கினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று மேடையேறிப் பேசினார்; கதை எழுதினார். முடிவில் 1947ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. ஏமி அம்மையார் குழந்தைகளை ஒவ்வொருவராகக் காத்தார். இவ்விருவரும் அக்குழந்தைகள் அந்நிலைக்கு வாராதபடி வாயிலையே அடைத்தனர். வெள்ளத்தில் போகிறவனைக் கரையேற்றுவதும் வேண்டும். உடைந்த கரையை அடைப்பதும் வேண்டும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வரலாறன்று. ஏமி அம்மையாருக்கு மூத்தவராகிய மேரி சிலெசர் என்பவர் சுகாத்துலாந்து நாட்டினர். பதினோரு வயதிலேயே டண்டீ நகர நெசவாலையில் அரை நாள் வேலையும் அரை நாள் படிப்புமாக வளர்ந்தவர். அந்நகரத்துச் சணல் ஆலைகளுக்குச் சணல் சென்றது நம் வங்காளத்திலிருந்துதான். 1876ஆம் ஆண்டில் அவர் மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய நைசீரியாவிலுள்ள கலபார் பகுதிக்குச் சென்றார். இரட்டைப் பிள்ளை பிறந்தால் அவற்றுள் ஒன்று தீய ஆவியின் குழந்தை என்னும் அச்சம் அக்காலத்தில் அங்கு நிலவியது. குழந்தைகளைக் காட்டில் விட்டுவிடுவர். தாயை ஊரை விட்டு விலக்குவர். மேரி அம்மையார் அக்குழந்தைகளை எடுத்து வளர்த்தார். அம்மக்களின் மொழியைக் கற்று, அவர்கள் உணவை உண்டு, அவர்களோடு குடிசையில் வாழ்ந்தார். விலக்கப்பட்ட பெண்கள் எவரையும் சாராமல் தம் உழைப்பால் வாழ இடம் அமைக்கவும் முயன்றார். 1915ஆம் ஆண்டில் அங்கேயே மறைந்தார். டோனாவூரில் ஏமியை எப்படி அழைத்தார்களோ, கலபாரிலும் மேரியை அப்படியே 'மா' என்று அழைத்தனர்.

இன்றும் ஆப்பிரிக்கச் சிற்றூர்களில் திருச்சபைகளின் அறநிலையங்கள் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவுகின்றன. கிணறு வெட்டுதல், தையற்பொறி வழங்கித் தொழில் கற்பித்தல், மகப்பேற்று மருத்துவம், பள்ளிக் கட்டணம் செலுத்துதல் ஆகியவை அவற்றுள் சில. அங்கும் இதே வினாக்கள் எழுகின்றன. முற்காலத்தில் குழந்தைகள் இல்லம் கட்டுவதே பெரிய அறம் எனக் கருதப்பட்டது. இன்று அறிஞர் கருத்து மாறியுள்ளது. பல இல்லங்களில் உள்ள பிள்ளைகளுக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கின்றனர். வறுமையே அவர்களைப் பிரித்தது. ஆகவே இல்லத்துக்குச் செலவிடும் பொருளைக் கொண்டு தாயின் கையை வலுப்படுத்தினால் பிள்ளை தன் வீட்டிலேயே வளரும் என்பது இக்காலக் கொள்கை. நம் நாடு 1992ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையும், 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் சட்டமும் இக்கொள்கையையே வலியுறுத்துகின்றன. குழந்தையைக் குடும்பத்தில் வைத்துக் காப்பதே முதல் வழி. இல்லம் கடைசி வழி. துன்புறும் குழந்தையைக் கண்டால் 1098 என்ற எண்ணுக்கு அழைக்கலாம் என்பதையும் மாணவர்கள் நினைவில் வைத்திருங்கள்.

இப்போது திருவள்ளுவரை நினைவுகூர்வோம். ஈகை என்னும் அதிகாரத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். அதற்கு முன்னதாக அவர் அமைத்துள்ள அதிகாரம் யாது? ஒப்புரவறிதல். சாயர்புரத்தில் தொண்டாற்றி, பின்னாளில் 1886ஆம் ஆண்டில் குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட போப்பையரும் இவ்விரண்டையும் தனித்தனியே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. ஈகையில் கொடுப்பவன் மேலும் வாங்குபவன் கீழும் நிற்கின்றனர். ஒப்புரவிலோ மேல் கீழ் இல்லை. ஊர் நடுவில் நீர் நிறைந்த குளத்தையும், பழுத்த மரத்தையும், மருந்தாகும் மரத்தையும் அங்கே வள்ளுவர் உவமையாகக் காட்டுகிறார். குளத்தில் நீர் மொள்ளும் பெண் எவருக்கும் நன்றி சொல்லிக் குனிவதில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தே செல்கிறாள்.

நம் மாநிலத்தின் மதிய உணவுத் திட்டம் அப்படி ஈகையிலிருந்து ஒப்புரவாக மாறியதற்குச் சான்று. 1956ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் காமராசர் அவர்கள் தொடங்கி வைத்தபோது அது ஊராரின் நன்கொடையையே பெரிதும் நம்பியிருந்தது. பின்னர் அரசு பொறுப்பேற்றது. 1982ஆம் ஆண்டில் சத்துணவாக விரிந்தது. 2022ஆம் ஆண்டில் காலை உணவும் சேர்ந்தது. அன்று துணிக்குப் பெயர் வாசித்த அதே பள்ளியில், நண்பகலில் சோற்றுக்கு எவரும் பெயர் வாசித்ததில்லை. தட்டோடு வரிசையில் நின்ற பிள்ளை எவருக்கும் தலை குனியவில்லை. இவ்வேறுபாடு என் கண்முன்னே நாள்தோறும் நடந்தது. அத்தாய் கேட்கும்வரை எனக்குத்தான் புரியவில்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்த மூவலூர் அம்மையாரின் பெயரால், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் மாணவியருக்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் வழங்கும் திட்டம் 2022ஆம் ஆண்டில் தொடங்கியது. அப்பணம் மேடையில் வைத்துக் கொடுக்கப்படுவதில்லை. மாணவியின் வங்கிக் கணக்கில் சேர்கிறது.

மாணவர்களே! நாளை நீங்கள் சம்பாதிப்பீர்கள். பிறருக்கு உதவவும் விரும்புவீர்கள். உதவுமுன் மூன்று வினாக்களை உங்களுக்குள்ளே கேட்டுக்கொள்ளுங்கள். இது அவருக்கு வேண்டுமென்று அவரிடமே கேட்டேனா? நான் விலகிய பின்பும் இது அவரிடம் நிலைக்குமா? வாங்கும்போது அவர் தலை நிமிர்ந்திருக்குமா? மார்த்தா அம்மையார் கற்பித்த பின்னல் இரண்டாம் வினாவுக்கு விடை. மூன்றாம் வினாவை எனக்குக் கற்பித்தவள் சேற்றுக் காலோடு நின்ற அந்தத் தாய்.

அந்நிகழ்ச்சிக்குப் பின், நான் பணியாற்றிய பள்ளிகளில் எல்லாம் வகுப்பறைக்கு ஒரு மர அலமாரி வைத்தோம். நன்கொடையாக வந்த குறிப்பேடுகளும் எழுதுகோல்களும் அதில் இருக்கும், பூட்டு இல்லை, பதிவேடு இல்லை. குறைந்தவர் எடுத்துக்கொள்ளலாம், கூடுதலாக வைத்திருப்பவர் வைத்துச் செல்லலாம். யார் எடுத்தார், யார் வைத்தார் என்று நான் பார்த்ததில்லை. பொருள் வீணாகும் என்று எச்சரித்த நண்பர்கள் உண்டு. ஆண்டு முடிவில் அலமாரியைத் திறந்தால், பெரும்பாலும் தொடக்கத்தில் வைத்ததைவிட மிகுதியாகவே இருந்தது.

கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கிய அச்சிறுமிக்கு அந்த அலமாரி கிடைக்கவில்லை. அக்கடன் இன்னும் என்மேல் இருக்கிறது. அதனை உங்கள் வாயிலாகவேனும் சிறிது தீர்க்கலாம் என்ற எண்ணமே இவ்வயதிலும் என்னை ஒலிபெருக்கியின் முன் அமர வைத்தது.